கானுக்குள் வரும் கடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், காலிக் கோட்டைத் தெருக்களுக்குக் கீழே ஒல்லாந்தர் கட்டிய செங்கல் கான்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வழமையாகக் கூரை ஒழுக்கையும் கிணற்றுக் கட்டையும் சுவர் வெடிப்பையும் பற்றிக் கேட்கிற நீங்கள், இந்த மாதம் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ கட்டடங்களை அளந்து படம் வரைந்திருக்கிறேன். மனசில் முதலாவதாக நிற்பது அந்தக் கான்களை அளந்த வேலைதான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: காலிக் கோட்டைக்குக் கீழே சுரங்கப் பாதை இருக்கிறது, எதிரி வந்தால் ஒல்லாந்தர் அதன் வழியாகக் கப்பலுக்குத் தப்பிப் போவார்கள் என்று எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி சொன்னார். நீங்கள் கான் என்று எழுதுகிறீர்கள். எது சரி? நீங்கள் உள்ளே போனதுண்டா?
— வாசகர், கண்டி

பதில்: கான்தான். வடிகாலை எங்கள் பக்கத்தில் கான் என்போம், அந்தச் சொல்லையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். தப்பியோடும் சுரங்கம் எதையும் காலியில் நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இந்தக் கதை புதிதும் அல்ல. எந்தப் பழைய கோட்டையைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "உள்ளுக்காலே ஒரு பாதை போகுது" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார். நிலத்துக்குக் கீழே வளைவு கட்டிய வாய் ஒன்றைக் கண்டால் நமக்கு முதலில் ரகசியம்தான் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அதைக் கேட்டுப் பாருங்கள். ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்தார்கள். 1796இல் பிரித்தானியர் கைக்குப் போகும்வரை, 156 வருடம் அவர்கள் ஆட்சி. கோட்டை நிற்பது ஒரு பாறை முனையில். மூன்று பக்கமும் கடல், வடக்கே மட்டும் தரை. அந்தத் தரைப் பக்கத்தைக் காக்கத்தான் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் வைத்த மூன்று பெரிய கொத்தளங்கள். சுற்றிவர எல்லாமாக 14. உள்ளே வீடுகள், பண்டகசாலை, தேவாலயம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊர் அது. சுற்றிவர இவ்வளவு தடித்த மதிலை எழுப்பிவிட்டால் உள்ளே விழுகிற மழை எங்கே போகும்? அத்தனை வீட்டுக் கழிவும் எங்கே போகும்?

தெருவுக்குக் கீழே செங்கல் கான், மதிலுக்கு அடியால் கடலைப் பார்த்து ஒரு வாய். கடல் பெருகும்போது உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். வற்றும்போது இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே போகும். இது ஒரு நாளைக்கு இரண்டு தடவை. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. அதைப் பற்றிய யுனெஸ்கோவின் விவரிப்பிலும் இந்தக் கான்களுக்கு இடம் உண்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கக் கூடும். விஷயம் மட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் வடக்குக் கரைகளில் கடல் பல மீற்றர் ஏறி இறங்கும் இடங்கள் உண்டு. இலங்கையைச் சுற்றி அப்படி இல்லை. காலியில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அரை மீற்றர் அளவுதான். அமாவாசையையும் போயாவையும் ஒட்டிக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். முழங்கால் உயரம்கூட வராத அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து ஒரு ஊரைக் கழுவ வேண்டும். கானின் அடித்தளத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டால் கடல் உள்ளே வராது. ஒரு சாண் தாழ்த்திவிட்டால் வந்த தண்ணீர் திரும்பிப் போகாது, தேங்கி நாறும். லெவல் கருவியை முக்காலியில் வைத்து அளந்த எங்களுக்கே அந்தச் சரிவைப் பிடிக்க இரண்டு தடவை திரும்ப அளக்க வேண்டியிருந்தது. திரைட்டன் கொத்தளத்தில் காற்றாலை ஒன்று வைத்துக் கடல்நீரை ஏற்றினார்கள் என்பதும் பதிவில் உள்ளது. கடல் தானாகத் தருவது போதவில்லை என்று கண்டுதான் காற்றையும் துணைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உள்ளே போனேனா என்றால், போனேன். 1990களின் கடைசியில், ஒரு அளவைக் குழுவில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக. நாங்கள் நாலு பேர். இரண்டு தொழிலாளிகள், நான், எங்களுக்கெல்லாம் வழிகாட்டியாக ஒரு வயதான மேசன் பாஸ். அவர் காலியிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர். நான் அங்கே கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அவர் சொல்லித் தந்தது. மூடிகளை முதல் நாளே இரண்டு பக்கமும் திறந்து போட்டுக் காற்றாட விடுவோம். கடல் வற்றுகிற நேரம் பார்த்து இறங்குவோம். நான் போன துண்டுகளில் நிமிர்ந்து நிற்க முடியாது. முதுகைக் கூனிக்கொண்டு, சில இடத்தில் முழங்காலில்.

டோர்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது செங்கல் வரிகள். ஒரே சீராக, தலைக்கு மேலே வளைந்து போகிற வரிகள். பாஸ் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வருவார். நல்ல செங்கல் 'டண்' என்கும். உப்பு அரித்த செங்கல் 'பொத்' என்கும். 'பொத்' கேட்ட இடத்தில் நான் கொப்பியில் ஒரு வட்டம் போடுவேன். இடையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினால் வேறொரு சத்தம் கேட்கும். கடல் கானின் வாயில் வந்து முட்டித் திரும்புகிற சத்தம். நித்திரையில் கிடக்கிற பெரிய மிருகம் மூச்சு விடுகிறது போல. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாள் பிழை விட்டேன். வற்றுப்பெருக்கு அட்டவணையில் அன்றைய வரிக்குப் பதில் அடுத்த நாள் வரியைப் படித்துவிட்டேன். நாளுக்கு நாள் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிந்தும் என்பதால், கடல் இன்னும் வற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பிய நேரத்தில் அது திரும்பிவிட்டது. கண்டுபிடித்தது பாஸ். தரையில் ஓடிய நூல் போன்ற தண்ணீரில் ஒரு தும்பு மிதந்துகொண்டிருந்தது. அது நின்றது. அப்புறம் எங்களைப் பார்த்து வரத் தொடங்கியது. "மாத்தயா, தண்ணி திரும்பிட்டுது, போவோம்" என்றார். குரலில் பதற்றம் இல்லை, ஆனால் சொல்லும்போதே திரும்பியும் விட்டார். நாங்கள் பின்வாங்கி மூடியடிக்கு வருகிற அந்தப் பத்து நிமிடத்தில், ஒவ்வொரு அலைக்கும் உள்ளே இருந்த காற்று காதை அடைக்கிற மாதிரித் தள்ளியது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. ஆனால் வெளியே வந்து மதில் நிழலில் உட்கார்ந்தபோது எனக்குக் கை நடுங்கியது. நாலு பேருடைய உயிருக்கு நான் வாசித்த அந்த ஒரு வரிதான் பொறுப்பு. அன்றிலிருந்து அட்டவணையை இரண்டு பேர் வாசிக்காமல் நாங்கள் இறங்கியதில்லை.

அன்று எங்களைக் கண்ட ஒரு முஸ்லிம் வீட்டு உம்மா, "தம்பி, காலக் கழுவிட்டு உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்டு இஞ்சிப் பிளேன்டீ தந்தார். கோட்டைக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ் என்று எனக்கு நேரில் தெரிந்தது அன்றைக்குத்தான். தன் பின் முற்றத்தில் இருந்த கான் வாயைக் காட்டி, "பெருக்கு வந்தா இதுக்குள்ள சத்தம் கேக்கும்" என்றார். எங்கள் அட்டவணையை விட அது நம்பிக்கையானது.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. நண்பர்களோடு பழைய கோட்டைக் கான் ஒன்றுக்குள் போன் வெளிச்சத்தில் இறங்கி வீடியோ எடுக்கப் போவதாகச் சொல்கிறான். உங்கள் கட்டுரையைக் காட்டித்தான் அனுமதி கேட்கிறான். என்ன சொல்வது?
— வாசகி, மட்டக்களப்பு

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். முதல் பதிலை வாசித்த ஆசையில் அவன் இதையும் வாசிக்கட்டும்.

தம்பி, கானுக்குள் ஆளைக் கொல்வது இருட்டும் பாம்பும் அல்ல, காற்று. நாம் சுவாசிக்கிற காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். அழுகுகிற குப்பை அதைத் தின்னும். 19.5க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது என்பது தொழில் விதி. எத்தனை சதவீதம் என்று மூக்குக்குத் தெரியாது. அடுத்தது ஐதரசன் சல்பைட்டு, கூழ்முட்டை நாற்றம் அடிக்கிற வாயு. நாற்றம் அடித்தால் ஓடி வந்துவிடலாம் என்று நினைக்கிறாய் அல்லவா? காற்றின் பத்து லட்சம் பங்கில் அது நூறு பங்கை எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நீ நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்து கூடுகிறது. அது காற்றை விடப் பாரமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். நீ குனிந்து தவழ்கிற இடத்தில். மெதேன் இன்னொன்று. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

ஒருவன் விழுந்தால் மற்றவன் தூக்கப் போவான். அவனும் விழுவான். கழிவுக் குழிகளில் செத்தவர்கள் பற்றிய செய்திகளை எடுத்துப் பார், காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போன கதை திரும்பத் திரும்ப வரும். நல்ல மனசுள்ள நண்பன்தான் முதலில் குதிப்பான் என்பதால் எனக்கு இதைச் சொல்லும்போது வயிறு கலங்குகிறது.

இவை எல்லாம் தப்பினாலும் எலிக்காய்ச்சல் இருக்கிறது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் ஒரு சிறு கீறல், அவ்வளவு போதும். யாராவது அப்படித் தண்ணீரில் இறங்கி, ஒன்று இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், கானில் இறங்கியதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அம்மா, அவனுக்கு இந்த ஆர்வம் இருப்பது நல்ல விஷயம். அதை அணைத்துவிடாதீர்கள். வெளியே நின்று பார்ப்பதற்கும் நிறைய இருக்கிறது. கடைசிக் கேள்விக்கான பதிலை அவனுக்காகத்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அந்தக் கான்களுக்குள் ஒல்லாந்தர் கஸ்தூரி எலி வளர்த்து, அதன் எண்ணெயை ஏற்றுமதி செய்தார்கள் என்று எங்கோ வாசித்தேன். உண்மையா?
— வாசகர், திருகோணமலை

பதில்: இந்தக் கதையை நானும் பல இடத்தில் வாசித்திருக்கிறேன். என் தொழில் அறிவு அதை ஏற்கவில்லை. கஸ்தூரி எலி என்று ஐரோப்பாவில் இன்று சொல்கிற பிராணி வட அமெரிக்காவுக்கு உரியது, அது ஐரோப்பாவுக்கே 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நம்முடைய ஊர்களில் அந்தப் பெயரால் வெள்ளைக்காரர் குறித்தது மூஞ்சூறை. அதன் விலாவில் சுரப்பி உண்டு. அது ஓடிய பெட்டகத்தைத் திறந்தால் அந்த வாசம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கானுக்குள் மூஞ்சூறு இருந்திருக்கும், இன்றும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறுகிற கானுக்குள் யார் பிராணி வளர்ப்பார்கள்? வளர்த்தால் வளர்த்ததெல்லாம் கடலோடு போகும். வாசத்தைக் கண்டு யாரோ கட்டிய கதை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சீனத் தளபதி செங் ஹே நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு காலியில் ஒரு கானை மூடிக் கிடந்தது என்று எங்கள் வரலாற்று ஆசிரியை சொன்னார். ஒரு கல்வெட்டு எப்படிக் கானுக்கு மூடியாகும்?
— மாணவி, புத்தளம்

பதில்: உன் ஆசிரியை சொன்னது முழுக்க உண்மை, மகள். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

1911ஆம் ஆண்டு, காலி நகரில் கிறிப்ஸ் வீதித் திருப்பத்துக்கு அருகே, தொம்லின் என்ற பொறியியலாளர் ஒரு மதகில் மூடுகல்லாகக் கிடந்த பலகைக்கல்லில் எழுத்து இருப்பதைக் கண்டார். மூன்று மொழி. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். கல்லின் தலையில் இரண்டு டிராகன்கள். அதில் உள்ள திகதி 1409 பெப்ரவரி 15க்கு ஒத்தது. சீனாவிலேயே வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கல்.

மூன்று மொழியும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதே. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினார் என்ற பெயரில் விஷ்ணுவைப் போற்றுகிறது. தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, மாத்தறைக்குக் கிட்ட, தீவின் தென்முனை. ஆனால் மூன்று பேருக்கும் கொடுத்த காணிக்கை ஏறக்குறைய ஒன்றேதான். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் போகிறது. ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைக்கவில்லை. அந்தத் தேனாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கல் மட்டும் எப்படியோ மிஞ்சிவிட்டது.

சரி, எப்படி மூடியானது? கல்லின் அளவைச் சொல்கிறேன். உயரம் 145 சென்ரிமீற்றர் அளவு, அகலம் 76, தடிப்பு 12.7. நம் பழைய கணக்கில் நாலே முக்கால் அடி, இரண்டரை அடி, ஐந்து அங்குலம். கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றபோது என் கண் முதலில் எழுத்தைப் பார்க்கவில்லை, தடிப்பைத்தான் பார்த்தது. மதகு கட்டுகிறவனுக்கு இதைவிட வசதியான கல் கிடைக்காது. தட்டையானது, நீளமானது, இரண்டு பக்கச் சுவரிலும் நன்றாக உட்காரும், வண்டில் போனாலும் உடையாது. அதைத் தூக்கிப் போட்ட கூலிக்காரர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களிடம் தரப்பட்டது ஒரு வேலை, ஒரு கிடங்கு, பக்கத்தில் கிடந்த ஒரு நல்ல கல்.

எனக்கு மனசு அடங்காதது வேறு. 1911இல் அந்தக் கல்லைப் பார்த்தவர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். அவசரமாக இருந்திருந்தால்? சம்மட்டியால் இரண்டு அடி போட்டு அகற்றிவிட்டு வேறு மூடி போடச் சொல்லியிருந்தால்? அருங்காட்சியகத்திலிருந்து வந்த பிறகு, நான் வேலை செய்த ஒவ்வொரு இடத்திலும் பழைய மூடுகல்லை எடுத்தால் புரட்டிப் பார்க்காமல் அப்பால் போட விடமாட்டேன். பெரும்பாலும் சேறும் மண்புழுவும்தான். ஒரு தடவை, யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில், அம்மி கொத்திய தழும்போடு ஒரு கல் வந்தது. யாரோ ஒரு ஆச்சியின் அம்மி. அதையும் கழுவி அந்த வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். நீ பெரியவளாகி என்ன வேலைக்குப் போனாலும் இதை நினைவில் வைத்துக்கொள்.

கேள்வி: எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் கிணற்றடியிலிருந்து போகும் செங்கல் கானில் சாந்து உதிர்கிறது. சீமெந்து பூசிவிடலாம் என்கிறார் மேசன். பூசலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பூசாதீர்கள். காலியிலும் நான் கண்ட பெரிய சேதம் இதுதான். கடல் செய்த சேதத்தை விட, நல்லது செய்வதாக நினைத்துப் பூசிய சீமெந்து செய்த சேதம் அதிகம்.

பழைய செங்கல் மெதுவானது. சுண்ணாம்புச் சாந்தும் மெதுவானது. செங்கல் குடித்த ஈரம் சாந்து வழியாக வெளியே வரும், வரும்போது உப்பையும் கொண்டுவரும். உதிர்வது சாந்து, செங்கல் தப்பிவிடும். சில வருடத்துக்கு ஒரு தடவை சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். அதன்மேல் இறுக்கமான சீமெந்தைப் பூசினால் ஈரம் போக வழியில்லை. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, முகத்தை ஓடு ஓடாகப் பெயர்த்துவிடும். பாஸ் ஒரு தடவை சீமெந்துப் பூச்சை உளியால் கிளப்பிக் காட்டினார். பூச்சு பலகை போல முழுசாக வந்தது. அதன் பின்னால் செங்கல் மாவாக இருந்தது. ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது சில வாரமாவது தண்ணீருக்குள் ஊற விடுங்கள். ஆற்று மணல் சேருங்கள், கடல் மணல் கூடாது. கான் எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்த தூளையும் சேருங்கள். அந்தத் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். ஒல்லாந்தர் தங்கள் நாட்டில் திராஸ் என்ற எரிமலைக் கல்லின் தூளை இதே வேலைக்குச் சேர்ப்பார்கள். நம் முன்னோர் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும் சேர்த்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் கைகண்ட முறைதான். இணைப்புகளில் மட்டும் வைத்து அழுத்துங்கள். பிறகு ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு மூடி வையுங்கள், அவசரமாகக் காய விடாதீர்கள். அந்த மேசனிடம் கோபப்படாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள், அவருக்கும் ஒரு தொழில் கூடும்.

கேள்வி: கக்கூஸ் என்பது ஒல்லாந்துச் சொல் என்கிறார்களே?
— வாசகர், வவுனியா

பதில்: ஆம். 'காக்ஹவுஸ்' என்ற ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும், மேசை இழுப்பறையை லாச்சி என்பதும், மேசனைப் பாஸ் என்பதும் அதே வழிதான். அவர்கள் கட்டிய கான்களோடு அவர்கள் சொல்லும் நம் வாயில் தங்கிவிட்டது. ஆனால் கக்கூசைக் கட்டியவன் பெயரோடு சேர்த்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சியில் அடிமைகள் இருந்தார்கள், இராசகாரியம் என்று கூலியில்லாக் கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வரப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒல்லாந்தர் கட்டினார்கள், ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று இந்தப் பக்கத்தில் நானே எத்தனை தடவை எழுதிவிட்டேன். கல் சுமந்த தோள் அவர்களுடையது அல்ல.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு காலிக்குப் போகிறோம். கானுக்குள் இறங்காமல் எதைப் பார்க்கலாம்? அதை இன்று பாழாக்குவது எது?
— வாசகர், வத்தளை

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொலித்தீன் பை, யோகட் கோப்பை, சமையலறைக் கொழுப்பு. கொழுப்பு செங்கல்லில் படியும், பை அதில் ஒட்டும், மணல் பையில் தங்கும். நாங்கள் ஒரு வளைவிலிருந்து வாளி வாளியாக அள்ளியது இதைத்தான். தும்பையும் கஞ்சலையும் கழுவிக் கொண்டுபோகக் கட்டிய கானுக்குப் பொலித்தீனை என்ன செய்வதென்று தெரியாது. அடைபட்ட கானில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு, அப்புறம் டெங்கு. நீங்கள் சாப்பிடுகிற கடையில் கடைக்காரப் பெடியன் வாளியைத் தெருக்கானில் ஊற்றினால், தயவுசெய்து அன்பாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனிப் பார்ப்பது. கொழும்புக் கோட்டையிலிருந்து காலிக்கு ரயிலில் போங்கள், கடலோரமாகவே போகும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். போவதற்கு முன் அன்றைய வற்று எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், திகதியை இரண்டு பேர் சரிபாருங்கள். கோட்டைக்குள் வந்ததும் மதில்மேல் ஏறும் அவசரம் வேண்டாம். முதலில் தெருவில் மெதுவாக நடந்து கீழே பாருங்கள். தெருவோரத்து வாய்கள், மூடிகள், வீட்டுப் பக்கத்திலிருந்து வந்து சேரும் சிறு வாய்க்கால்கள், எந்தப் பக்கம் சரிகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சிறு மழை பெய்தால் இன்னும் நல்லது, ஒதுங்கி நின்று தண்ணீர் எங்கே மறைகிறது என்று பார்க்கலாம். அதற்குப் பிறகு மதில்மேல் நடந்து, வற்று நேரத்தில் கடல் பக்கம் எட்டிப் பாருங்கள். விளிம்பில் கைபிடி இல்லாத இடங்கள் உண்டு, சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். 2004 டிசெம்பர் 26 அன்று சுனாமி காலி நகரத்தைச் சின்னாபின்னமாக்கியபோது கோட்டைக்குள் இருந்தவர்களைக் காத்தது நீங்கள் நிற்கிற அந்த மதில்தான். பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் இருக்கிற பக்கம் திரும்பி நின்று அந்த மக்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது கொழும்பில் ஒரு அரை நாள் ஒதுக்கி, தேசிய அருங்காட்சியகத்தில் அந்த மதகுக் கல்லைக் காட்டுங்கள். தமிழ் இடப்பக்கம் மேற்பாதியில் இருக்கிறது. தேய்ந்த எழுத்து, நேருக்கு நேர் நின்றால் பிடிபடாது. கொஞ்சம் பக்கமாக நகர்ந்து, குனிந்து பார்க்க வேண்டும்.